பெண்லோகத்தில் துலா மிதிப்பது யார்?

புளியடி அக்காவிடம் ஒரு கேள்வி கேட்பதென்றால், அவர் அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும். சோறு கொதிக்கும்போது கேட்டால் சோறு கருகும். பால் காயும்போது கேட்டால் பால் பொங்கி அடுப்பை அணைக்கும். கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைக்கும்வரை அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது, மூக்கிலும் ஏறாது. எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெரு முழுவதிலும், புகை மணத்தோடு புட்டு அவிக்கிற ஒரே வீடு அவருடையதுதான். அதைத் தின்று பழகிய அவருடைய பூனை வேறு வீட்டுப் புட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. வளவின் நடுவே பெரிய புளியமரம் நின்றதால் புளியடி அக்கா. ஆள் ஒல்லி. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து போனதால் அந்தப் பக்கத்துக்கு நூல் கட்டியிருப்பார். கதைக்கும்போது கையில் எது இருக்கிறதோ அதையே நீட்டிக் காட்டிக் கதைப்பார். அகப்பை இருந்தால் அகப்பை, விளக்குமாறு இருந்தால் விளக்குமாறு. பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி இருப்பது நல்லது.

யுத்தக் காலம். எங்கள் ஒழுங்கையில் கல்யாணம் கட்டிய பெண்களில் முக்கால்வாசிப் பேரின் புருஷன்மார் மலாயாவில் இருந்தார்கள், என்னுடையவரும் புளியடி அக்காவுடையவரும் உட்பட. ரெயில்வேயில் கிளாக்கர், தபால் கந்தோரில் கிளாக்கர், றப்பர்த் தோட்டத்தில் கிளாக்கர். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு கடிதமும் நின்றது, மாதா மாதம் வந்த உண்டியல் காசும் நின்றது. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க ஓர் இடம் இல்லை. நாங்கள் வீட்டுக்கு வீடு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுகளால் புகுந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒழுங்கையில் கால் வைக்காமலே இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல் வரை போய்வருகிற அளவுக்கு எங்களுக்குப் பொட்டுகள் இருந்தன.

பகலில் ஒழுங்கையில் மிஞ்சியிருந்த ஆண் என்று சொன்னால் பென்சனியர் ஒருவர்தான். யுத்தத்துக்கு முன்பே மலாயாவில் இருந்து பென்சனோடும் ஒரு வெள்ளைத் தொப்பியோடும் வந்து இறங்கியவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவர் வளவும் எங்கள் வளவும் பக்கத்துப் பக்கம். இரண்டுக்கும் பின்னால் புளியடி வளவு. அவர் சாய்மனைக் கதிரையைப் பின்வேலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் புளிக்குக் கீழே தென்னோலைக் கிடுகு பின்னிக்கொண்டு கதைப்பதை எல்லாம் கேட்பார். கேட்கவில்லை என்று காட்டுவதற்காக இடைக்கிடை செருமுவார்.

எங்கள் வீட்டில் இருந்த மாமிக்கும் அவருக்கும் தீராத பகை. காரணம் வேலி. ஒவ்வொரு வருஷமும் வேலி அடைக்கிற சாட்டில் அவர் வேலிக் கதியால் ஒன்றைப் பிடுங்கி எங்கள் பக்கம் நகர்த்தி நடுகிறார் என்பது மாமியின் குற்றச்சாட்டு. மாமி நிலத்தில் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலி நீளத்துக்கும் பார்ப்பார். நிலத்தில் இருந்து பார்த்தால் வேலி நேராகத்தான் தெரியும். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

பெண்லோகம் பிறந்தது பென்சனியரால்தான். ஒருநாள் பின்னேரம் நாங்கள் கிடுகு பின்னிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அப்பால் இருந்து சொன்னார்:

"ஒரு ஆம்பிளையும் இல்லாமல் ஒரு ஒழுங்கை எத்தினை நாளைக்கு ஓடும்? பாப்பம்."

புளியடி அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு லோகமே ஓடுது. ஒழுங்கை ஓடாதோ?"

"எந்த லோகம் பிள்ளை?"

"பெண்லோகம்."

"அது எங்கை கிடக்கு?"

அக்கா கையில் இருந்த ஓலையை வானத்துக்கு நீட்டினார். "வெள்ளிக்குக் கொஞ்சம் தெற்காலை."

"போற வழி?"

"வழியை மூடி வைச்சிருக்கு. தெரிஞ்சா ஆம்பிளையள் வந்திடுவினம்."

நாங்கள் சிரித்தோம். கடிதம் நின்ற பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடிந்ததும் எங்களுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அடுத்த நாள் பின்னேரம் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமலே நேரத்தோடு புளிக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு தினமும் கேள்வி. நாங்கள் கேட்போம். அக்கா உடனே சொல்வார், அல்லது மறுநாள் புட்டைக் கருக்கிவிட்டு வந்து சொல்வார். நேற்றுத்தான் அங்கே போய்விட்டு வந்தவர் போலச் சொல்வார். அங்கே கோயில் பூசையும் பெண், பொலிசும் பெண், கோட்டில் நீதவானும் பெண். தேர் இழுக்கிறதும் பெண்கள்தான், ஆனால் தேருக்கு அடியில் சின்னச் சின்ன இரும்புக்குண்டுகள் வைத்த சில்லுகள் பூட்டியிருப்பதால் ஒரு விரலால் இழுக்கலாம். நெல்லுக் குத்த உலக்கை தானாக எழும்பி விழும். பனையில் ஏறத் தேவையில்லை, தட்டினால் பனை குனியும்.

பென்சனியர் வேலிக்கு அப்பால் இருந்து பிடித்துக்கொண்டார். "பனையிலை ஆண்பனையும் இருக்கு, பெண்பனையும் இருக்கு. ஆண்பனை இல்லாட்டி நுங்கு ஏது?"

அன்று இரவு அக்கா வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது. மறுநாள் மறுமொழி வந்தது: "ஆண்பனை இருக்கு. அது ஒண்டும் கதையாது. அதாலை விட்டு வைச்சிருக்கினம்."

பிள்ளைகள் எப்படிப் பிறப்பது என்ற கேள்வியைக் கேட்க எங்களுக்குக் கூச்சம். மாமிக்குக் கூச்சம் இல்லை, கேட்டார். அக்கா எப்போதோ ஒரு விவசாயக் கண்காட்சியில் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அந்த மாதிரிப் பெட்டிதான், ஆனால் பெரிது என்றார். பிள்ளை வேண்டியவள் தன் தலைமயிரில் ஒன்றைப் பிடுங்கி உள்ளே வைத்து மூட வேண்டும். பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். பத்தாம் மாதம் திறந்தால் பெண்பிள்ளை.

மாமி யோசித்தார். "அப்ப சாதகம் எப்பிடிக் கணிக்கிறது? மூடி மூடின நேரமோ, மூடி திறந்த நேரமோ?"

இதற்கு இரண்டு வேளைச் சோறு கருகியது. "திறந்த நேரம்," என்றார் அக்கா கடைசியில். "நல்ல நேரம் பாத்துத்தான் திறப்பினம். அதாலை அங்கை ஒருத்தருக்கும் செவ்வாய்க் குற்றம் இல்லை."

தங்கம்மாக்கா பின்னுவதை நிறுத்தினார். அவருக்கு நாலு பெட்டைகள். மூத்தவளுக்குச் செவ்வாய். புருஷன் மலாயாவில் தபால் கந்தோரில் இருந்தவர்.

"அப்ப சீதனம்?" என்று கேட்டார்.

"ஆருக்குக் குடுக்கிறது?"

"நாலு பெட்டையளுக்கும் வேண்டாமோ?"

"நாற்பது பெட்டை எண்டாலும் வேண்டாம்."

தங்கம்மாக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவில் எங்கேயோ திசை மாறிப்போய், சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் அந்த லோகத்தைப் பற்றி யாராவது பகிடியாகக் கதைத்தால் தங்கம்மாக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஏன், எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. அக்கா எங்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே வீடு தந்திருந்தார். எனக்கு இரண்டு கிணறு உள்ள வீடு. தங்கம்மாக்காவுக்கு மாடி. மாமிக்குப் பெரிய வளவு. மாமி உடனே கேட்டார்:

"என்ரை வளவுக்கு எல்லை எது?"

"அங்கை வேலி இல்லை மாமி."

இதற்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. பிள்ளை பெட்டியில் பிறப்பதை நம்பிய நாங்கள், பனை குனிவதை நம்பிய நாங்கள், இதை நம்ப முடியாமல் திகைத்துப் போனோம். வேலி இல்லாமல் ஓர் ஊரா?

"வேலி இல்லாட்டி என்ரை காணி எது, இவளின்ரை காணி எது எண்டு எப்பிடித் தெரியும்?" என்று மாமி தங்கம்மாக்காவைக் காட்டிக் கேட்டார்.

"நான் உங்கடை காணிக்குள்ளை வரமாட்டன்," என்றார் தங்கம்மாக்கா ரோசத்தோடு.

"இப்ப இப்பிடித்தான் சொல்லுவாய்."

இன்னும் ஒருவரும் குடிபோகாத காணிக்கு இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தார்கள். கடைசியில் அக்கா இறங்கி வந்து, அந்த லோகம் முழுவதிலும் மாமிக்கு மட்டும் ஒரு வேலி போடச் சம்மதித்தார். பூவரசங்கதியால் என்றால்தான் ஆகும் என்று மாமி அதையும் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் துலா வந்து குறுக்கே விழுந்தது.

எங்கள் எல்லோருடைய வெங்காயமும் புளியடி வளவில் பின்வேலியோரத் தோட்டக் கிணற்றில்தான் தண்ணீர் குடித்தது. உண்டியல் நின்ற பிறகு அந்த வெங்காயம்தான் எங்களுக்கு உலை வைத்தது. சுன்னாகம் சந்தைக்குப் போய்ச் சாமானாக வரும். இறைப்பு என்றால் சின்ன வேலை இல்லை. நீண்ட துலா மரத்தின் மேல் ஒரு ஆண் ஏறி, கிணற்றுப் பக்கம் நடந்தால் தண்ணீர் அள்ளுகிற பட்டை கீழே இறங்கும், வால்பக்கம் திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். இன்னொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்ற வேண்டும். ஊற்றுவதும் பாத்தி கட்டுவதும் எங்களால் முடியும். மேலே நடப்பதுதான் முடியாது. ஆண்கள் ஏறுவதற்கு முதல் உரத்துக் குரல் கொடுப்பார்கள், ஏனென்றால் அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் அயல் வளவுகள் எல்லாம் தெரியும். குளிக்கிற பெண்கள் உள்ளே போய்விடுவார்கள்.

அந்தப் பங்குனியில் பலாலியில் விமானத்தளம் போட ஆட்களை எடுத்தார்கள். நல்ல கூலி. கூலிக்கு வந்து துலா மிதிக்கிறவர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். வெயில் கொளுத்தியது. வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியது.

வேலிக்கு அப்பால் செருமல் கேட்டது. "பிள்ளை, ஒரு சந்தேகம். உம்மடை பெண்லோகத்திலை துலா மிதிக்கிறது ஆர்?"

அக்கா வாயைத் திறந்தார். பென்சனியர் விடவில்லை. "மிசின் எண்டு மட்டும் சொல்லக்கூடாது. மற்றதெல்லாம் ஒருத்தரும் பாக்காத சாமான், நீர் சொன்னால் சரி. தண்ணி எல்லாரும் பாக்கிற சாமான்."

அக்கா, காய்ந்துகொண்டிருக்கிற பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம்போல வாடிப்போனது.

"நியாயம்," என்றார். "இஞ்சை நான் செய்து காட்டாததை அங்கை வைச்சால் அது பொய்தான். வருசப் பிறப்புக்குள்ளை செய்து காட்டுறன்."

"காட்டாட்டி?"

"காட்டாட்டி ஒரு ஆம்பிளையை உள்ளுக்கு விடுறன்."

"அக்கா!" என்றேன்.

"ஆரை விடுவீர்?" என்று குரல் வந்தது.

"முதல் கேக்கிறவரை."

"நான் கேக்கிறன்," என்றார் பென்சனியர்.

அடுத்த நாளில் இருந்து அவர் குடிபோக ஆயத்தப்படுத்தினார். அங்கே சாய்மனைக் கதிரை கிடைக்குமா, தான் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். மேற்கு யன்னல் உள்ள அறை வேண்டும், காலை வெயில் கண்ணில் குத்தும் என்றார். கணக்கு வழக்குப் பார்க்க ஒரு ஆள் எப்படியும் தேவைப்படும், தனக்கு முப்பது வருஷ சேவை இருக்கிறது என்றும் சொன்னார். தொப்பியைத் தோய்த்துக் காயப்போட்டார். பார்த்தால் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"உவர் வந்தால் முதல் வேலையா வேலி போடுவார்," என்றார் மாமி. "பிறகு ஒவ்வொரு வருசமும் உள்ளுக்குத் தள்ளுவார். அந்த லோகம் இரண்டு தலைமுறைக்குக் காணாது."

தங்கம்மாக்கா வேறொன்றைச் சொன்னார். "ஒரு ஆம்பிளை வந்தாலே காணும். அவருக்குப் பின்னாலை சீதனமும் வரும்."

அதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றும் இல்லாத லோகத்துக்காக இப்படியா என்று கேட்பீர்கள். எங்களுக்கு அப்போது அது ஒன்றுதான் இருந்தது.

அக்கா துலாவில் தானே ஏறிப் பார்த்தார். விடியற்காலையில், ஒருவரும் பார்க்காத நேரம் என்று நினைத்துக்கொண்டு. நான் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். சீலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். கொஞ்சத் தூரம் நடந்தார், கீழே பார்த்தார், அப்படியே மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இறங்கத் தெரியவில்லை. நான் ஏணி கொண்டுபோனேன். ஏணியில் இறங்கி வரும்போது, "மேலை நல்ல காத்து," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் கருகியது. பூனைக்கே பிடிக்காத அளவுக்குக் கருகியது. வருசப் பிறப்புக்கு ஊஞ்சல் போடுகிற நாள் வந்தது. வழக்கம்போலப் புளியங்கொம்பில் கயிறு கட்டி நீளப் பலகை போட்டோம். ஆளுக்கொரு தலைப்பில் ஏறி நின்று நானும் தங்கம்மாக்காவும் உந்தி உழக்கத் தொடங்கினோம். அக்கா அடுப்பங்கரையில் இருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

"நிப்பாட்டாதையுங்கோ! உழக்குங்கோ! உழக்குங்கோ!"

அகப்பையை ஊஞ்சலுக்கும் துலாவுக்கும் மாறி மாறி நீட்டினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. போய் மாட்டுக் கயிறு, கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

துலாவின் வாலில் இருந்து ஊஞ்சல் பலகைக்கு ஒரு கயிறு. ஊஞ்சல் அங்கால் போனால் வாலை இழுத்துப் பட்டையை மேலே தூக்கும். இங்கால் வந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பெண்கள் மிதிப்பார்கள், ஆனால் துலாவை இல்லை, ஊஞ்சலை. வருசப் பிறப்பில் எல்லாப் பெண்களும் செய்கிற வேலை. அதை யாரும் குறை சொல்ல ஏலாது.

வருசப் பிறப்பு அன்று பின்னேரம் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் புதுச்சீலையோடு கூடிவிட்டார்கள். பென்சனியர் சாய்மனைக் கதிரையில் இருக்காமல் ஒரு மரக்கதிரையை வேலியோடு போட்டு, அதன்மேல் ஏறி நின்றார். வேலிக்கு மேலால் தொப்பியும் மீசையும் தெரிந்தன. அக்கா கிணற்றடியில் நின்றார். நானும் தங்கம்மாக்காவும் ஊஞ்சலில் ஏறினோம்.

உழக்கினோம். துலா முனகியது. பட்டை ஒரு முழம் எழும்பியது, திரும்பக் கிணற்றுக்குள் விழுந்தது. இன்னும் உழக்கினோம். அதே முழம்தான். எங்கள் இரண்டு பேருடையதும் கூப்பன் அரிசியில் வற்றிப்போன உடம்பு. பலகையில் பாரம் போதாது.

"மேற்கு யன்னல்," என்று வேலிக்கு மேலால் குரல் வந்தது. "மறந்திடாதையும் பிள்ளை."

அக்கா சுற்றிவர எங்களை எல்லாம் ஒரு முறை பார்த்தார். பார்வை மாமியில் போய் நின்றது. பஞ்சம் வந்தும் சதை குறையாத ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் எங்கள் மாமிதான்.

"எனக்கென்ன விசரே?" என்றார் மாமி, ஒருவரும் கேட்காமலே. "கலியாணம் முடிச்ச பிறகு நான் ஊஞ்சலிலை கால் வைக்கேல்லை."

"வேண்டாம் மாமி," என்றார் அக்கா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உயரத்திலை போனால் வேலி எல்லாம் மேலாலை தெரியும். உங்களுக்குத் தலை சுத்தும்."

மாமி வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். தங்கம்மாக்காவை இறக்கிவிட்டு, நாங்கள் நாலு பேர் பிடித்து மாமியை ஏற்றினோம்.

முதல் ஆட்டத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு கண்ணைத் திறந்தார். அடுத்த ஆட்டத்தில் இரண்டு கண்ணும் திறந்தன, வாயும் திறந்தது.

"வளைஞ்சு கிடக்கு!"

"என்ன மாமி?"

"வேலி! எங்கடை வேலி! பூவரசடியிலை வளைஞ்சு கிடக்கு! நிப்பாட்டாதை பிள்ளை, உழக்கு!"

நான் உழக்கினேனோ இல்லையோ, மாமி உழக்கினார். ஊஞ்சல் உயரப் போனபோதெல்லாம் எங்கள் வளவையும் பென்சனியர் வளவையும் ஒரே பார்வையில் அளந்தார். பட்டை நிறைய நிறையத் தண்ணீர் மேலே வந்தது. அக்கா சரித்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பெண்கள் குலவை போடாத குறையாகச் சத்தம் போட்டார்கள்.

"வேலி வளையேல்லை!" என்று கத்தினார் பென்சனியர். "ஊஞ்சல் ஆட உங்கடை கண்தான் வளையுது!"

"என்ரை கண்ணோ? இப்ப பாக்கிறன்!" என்று மாமி எம்பி ஓர் உழக்கு உழக்கினார். துலா வால் நிலத்தில் அடித்தது. பட்டை மேலே பறந்தது. அக்காவின் கைக்கு எட்டவில்லை. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நிறைந்த தண்ணீர் அத்தனையையும் வேலிக்கு மேலால் கொட்டியது. தொப்பி மறைந்தது. கதிரை சரிகிற சத்தம் கேட்டது.

கடைசிப் பாத்தி நனைந்த பிறகும் மாமி இறங்கவில்லை. இருட்டி, வேலி தெரியாமல் போன பிறகுதான் இறங்கினார்.

பென்சனியர் ஈரத்தோடு பொட்டடிக்கு வந்தார். உடம்பில் காயம் ஒன்றும் இல்லை. தோய்த்துக் காயப்போட்ட தொப்பி திரும்பவும் தோய்ந்திருந்தது. "மிதிச்சதும் மிதிச்சதுதான், தண்ணி வந்ததும் வந்ததுதான்," என்றார். "நான் வரேல்லை." போகத் திரும்பியவர் நின்றார். "எண்டாலும் பின்னேரத்திலை வேலிக்கு இஞ்சாலை இருந்து கேக்கலாமோ?"

"கேளுங்கோ ஐயா," என்றார் அக்கா. "நீங்கள் கேக்காட்டி எனக்கும் யோசிக்க ஒண்டும் இராது."

அடுத்த வேலியடைப்பில் பூவரசடிக் கதியால் எப்படியோ நேராகிவிட்டது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. மாமிகூட. ஆனால் ஊஞ்சலில் இறைக்கிற நாட்களில் அவர் ஒரு முறையும் தவறாமல் ஏறினார்.

யுத்தம் முடிந்தது. மலாயாவில் இருந்து கப்பல்கள் வந்தன. என்னுடையவர் முதலில் வந்தவர்களில் ஒருவர். ஒவ்வொரு வீடாகச் சிரிப்பும் அழுகையும் கேட்டது. தங்கம்மாக்காவின் புருஷனைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

புளியடி அக்காவின் புருஷன் கொக்குவில் ஸ்டேசனில் வந்து இறங்கியபோது அவரை எனக்கு அடையாளம் மட்டுப்பிடிக்க முடியவில்லை. போகும்போது பெரிய உடம்பு. வந்தது தோல் போர்த்த ஆள். மலாயாவில் ரெயில்வேயில் இருந்தவர். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. பகல் முழுக்கப் புளிக்குக் கீழே ஒரு பாயில் இருப்பார். யாராவது உரத்துக் கதைத்தால் திடுக்கிடுவார். அக்காவோடுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் கதைப்பதில்லை.

நாங்கள் புளியடிக்குப் போகத் தயங்கினோம். அக்காதான் கூப்பிட்டார். பழையபடி கிடுகு பின்னினோம், ஆனால் பெண்லோகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அந்தப் பாயில் இருக்கும்போது எப்படித் திறப்பது? ஆண்கள் இல்லாத லோகம் என்று ஒரு மனிதனின் முகத்துக்கு முன்னால், அதுவும் அப்படி வந்தவரின் முகத்துக்கு முன்னால் சொல்ல முடியுமா? இல்லை, அக்கா இப்போது அவரை உள்ளே விட்டுவிடுவாரோ? விட்டால் எங்கள் புருஷன்மாரையும் விட வேண்டும், பென்சனியரையும் விட வேண்டும். எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும். தங்கம்மாக்கா ஓலையைப் பின்னிக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பாயில் இருந்து குரல் வந்தது. பாவிக்காமல் துருப்பிடித்த குரல்.

"இஞ்சரும். ஐயா சொன்னவர், உம்மட்டை ஒரு லோகம் இருக்காம்."

வேலிக்கு அப்பால் பென்சனியர் செருமினார்.

"இருக்கு," என்றார் அக்கா.

"அங்கை ரெயில் இருக்கோ?"

நாங்கள் அக்காவைப் பார்த்தோம். இத்தனை வருஷத்தில் அங்கே ரெயில் இருப்பதாக அவர் சொன்னதே இல்லை.

"இருக்கு," என்றார் அக்கா.

"வழி மூடியெல்லோ கிடந்தது?" என்றார் மாமி.

"போன கிழமைதான் திறந்தவை."

பாயில் இருந்தவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஆம்பிளையள் ஏறலாமோ?"

"ஏறலாம். அங்கை இறங்கேலாது. யன்னலாலை பாத்துக்கொண்டு போகலாம்."

தங்கம்மாக்கா மூச்சை விட்டார். சட்டம் உடையவில்லை.

"எனக்கொரு ரிக்கற்!" என்று வேலி சொன்னது. "மேற்கு யன்னல்!"

பாயில் இருந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புத்தான் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது எத்தினை பெட்டி உள்ள ரெயில்?" என்று கேட்டார் தங்கம்மாக்கா. கையில் ஓலை அசையாமல் இருந்தது.

அக்கா அவரைப் பார்த்தார். "நீளமான ரெயில், தங்கம். கடைசிப் பெட்டியள் இன்னும் வளைவு திரும்பேல்லை."

தங்கம்மாக்கா தலையை ஆட்டினார். விட்ட இடத்தில் இருந்து பின்னத் தொடங்கினார்.

பாயில் இருந்தவர் எழுந்து, மெல்ல அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார். "அந்த ஸ்டேசனிலை ரெயில் எவ்வளவு நேரம் நிக்கும்?"

எந்தக் கேள்விக்கும் கையில் இருப்பதை நீட்டி மறுமொழி சொல்கிற அக்கா, அதற்கு மட்டும் குனிந்துகொண்டார். "என்சினிலை பிழையாம். நிண்டுபோய்க் கிடக்கு."

மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏன், அங்கைதான் எல்லாத்துக்கும் கெட்டிக்காரியள் இருக்கினமே. திருத்தத் தெரியாதோ?"

"திருத்தத் தெரியும் மாமி," என்றார் புளியடி அக்கா. "திருத்தினால் ரெயில் வெளிக்கிட்டுப் போயிடும்."

குசினியில் சோறு கருகுகிற மணம் வந்தது. அவர் எழும்பவில்லை.